நரசீபுரம் சாலையில் மின்சார ஆட்டோ

காலை ஆறு மணிக்குப் பீளமேட்டில் ஆட்டோ வந்து நின்றது எனக்குக் கேட்கவேயில்லை. வாசல் கேட் அருகே பையோடு திரும்பி நின்றிருந்தேன். "ஏனுங்க, நரசீபுரம் போறவங்க நீங்கதானுங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஓட்டுநர் பெயர் செல்வி. வடவள்ளிக்காரர். நாற்பது வயதிருக்கும். சென்னையிலிருந்து வந்த நான், நரசீபுரத்தில் நண்பர் பழனிசாமியின் தென்னந்தோப்புக்குப் போக வேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். செல்வி ஒரு நிபந்தனை போட்டார்.

"தோப்புல கரண்டு இருக்குமுங்களா? சார்ஜ் போட்டுப்போட்டுத்தான் திரும்போணும்."

மோட்டார் அறையில் பிளக் இருப்பதை நண்பரிடம் கேட்டுச் சொன்னேன். கிளம்பினோம்.

அவிநாசி சாலையில் பேருந்துகளின் இரைச்சலில் வண்டியின் அருமை தெரியவில்லை. வடவள்ளியைத் தாண்டியதும் தெரிந்தது. நடுக்கமில்லை, புகையில்லை. மயில் அகவுவதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் ஓடும் வண்டிக்குள்ளேயே கேட்டன. ஆட்டோவில் உட்கார்ந்து கத்தாமல் பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஏழரை மணி. தொண்டாமுத்தூரில் டீ குடித்துவிட்டு மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் வாழை. செல்வி சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

"கேட்டுதுங்களா?"

வாழைத்தண்டு முறியும் சத்தம். ஒன்று, சற்றுக் கழித்து இன்னொன்று. அடுத்த நொடி, எங்களுக்கு முன்னால் முப்பதடி தூரத்தில், இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானை சாலையில் கால் வைத்தது. அதன் வயிற்றுக்கடியில் குட்டி ஒன்று.

"பின்னால எடுங்க" என்று முணுமுணுத்தேன்.

"ரிவர்ஸ் போட்டா பீப் பீப்னு அடிக்குமுங்க. குட்டியோட நிக்குது. எறங்குங்க, தள்ளிப்போடலாம்."

இறங்கினோம். செல்வி பக்கத்தில் நடந்தபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். நான் முன்பக்கம் கைவைத்துத் தள்ள வேண்டியிருந்தது. யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அதைச் செய்ய முடிந்தது. இரண்டு பேர் தள்ளியதற்கே அந்தச் சின்ன வண்டி சத்தமில்லாமல் பின்னோக்கி உருண்டது.

"போதுமுங்க. திரும்பிப் பாருங்க" என்றார் செல்வி.

திரும்பினேன். மேலும் மூன்று யானைகள் வந்திருந்தன. நடு ரோட்டில் குட்டி நின்று எங்களையே பார்த்தது. தாய் தும்பிக்கையால் அதன் பின்புறத்தை மெல்லத் தள்ளியது. அவ்வளவு பெரிய உடம்புகள் தார்ச்சாலையைக் கடந்தபோது காலடி ஓசையே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, யாரோ பெரிய துருத்தியை நிதானமாக இயக்குவதுபோல. கடைசி யானை ஒரு கணம் நின்று காதை விரித்தது. பிறகு அதுவும் எதிர்ப்புற வாழைக்குள் போயிற்று. வாழையிலைகள் மூடிக்கொண்டன.

இலைகளின் அசைவு நின்ற பிறகுதான் இருவரும் வண்டியில் ஏறினோம்.

எட்டரை மணிக்குத் தோப்பை அடைந்தோம். விஷயத்தைச் சொன்னதும் பழனிசாமி அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். மோட்டார் அறையில் சார்ஜரைச் செருகிவிட்டுச் செல்வியும் கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்தார். "சாப்ட்டயா கண்ணு? நான் சாயங்காலம் வாரேன்." அவ்வளவுதான் பேசினார்.

"யானையைப் பத்திச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஊட்டுல இந்தப் பக்கம் வண்டி எடுக்க உட மாட்டாங்க." கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மறுக்காவும் பாக்கோணுமுங்க."

மதியம் வெயில் ஏறிய பிறகு திரும்பினோம். அந்த வாழைத்தோட்டம் வந்ததும் செல்வி வேகத்தைக் குறைத்தார். நான் சொல்லாமலே வண்டி நின்றது. சாலையில் எதுவுமில்லை. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கும் வரைக்கும்.