ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத சொல்

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விநோதமாகப் படும். இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற டயாலிசிஸ் சென்டரில், சிகிச்சை முடிந்து கிளம்புகிறவர்கள் கதவருகே நின்று திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். மலாய்க்காரர்கள் "ஜும்பா லாகி" என்பார்கள். அதுவும் மறுபடி பார்ப்போம் என்பதுதான். சீனப் பெரியவர் ஒருவர் கையை மட்டும் தூக்குவார். நாற்காலிகளில் ரத்தக் குழாய்களோடு அரைத்தூக்கத்தில் கிடப்பவர்கள் கண்ணைத் திறக்காமலே "ம்ம், வாங்க" என்று பதில் சொல்வார்கள். முதல் நாள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் போய் யாராவது "வரேன்" என்பார்களா?

எங்கள் மன்னார்குடியில் சொல்ல மாட்டோம். சின்ன வயதில், மஞ்சள்காமாலை தெளிந்து அப்பா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, நர்ஸம்மாவிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வாயெடுத்த என் தொடையில் அம்மா நறுக்கென்று கிள்ளினாள். வாசல் தாண்டும்வரை குடும்பமே வாயை மூடிக்கொண்டு நடந்தது. பிறகு நான் கோலாலம்பூருக்கு வந்து, கிள்ளான் பெண் விமலாவைக் கட்டிக்கொண்டு, ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராகி, காலையில் ரொட்டி சானாய் இல்லாமல் பொழுது விடியாது என்கிற ஆளாகவே மாறிவிட்டேன். ஆனால் அந்தக் கிள்ளு மட்டும் தொடையிலேயே இருந்தது. அதனால் முதல் நாள் முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு நழுவினேன்.

"ஹலோ, ஊர்க்காரரே! என்னா நீங்க பாட்டுக்குப் போறீங்க? சொல்லிட்டுப் போக மாட்டீங்களா?"

பக்கத்து நாற்காலி லெட்சுமி அக்கா. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தி ஓய்ந்தவர், இப்போது சுபாங் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் சென்டர் உண்டு. ஆனாலும் மகனை நச்சரித்து இங்கேதான் வருவார். "ஊசி எங்க போனாலும்தான் குத்தும். மல்லிப்பூ வாசம் எல்லா எடத்துலயும் வருமா?" என்பார். எங்கள் ஊர்ப் பழக்கத்தை நான் விளக்கியதும், குழாய் ஆடும்படி சிரித்தார்.

"அது ஒரு தடவை வந்துட்டுப் போற ஆஸ்பத்திரிக்கு, தம்பி. இங்க நாம வந்துகிட்டே இருந்தாத்தான் இருக்கோம்னு அர்த்தம். வராதவங்க எங்க போயிட்டாங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும் லா."

அப்படியும் நான் "வரேன்" சொல்லவில்லை. அம்மாவின் விரல் அவ்வளவு நீளம்.

வாரத்தில் மூன்று நாள் அந்த நாற்காலியில் கிடந்தேன். ஏசி குளிரில் போர்வைக்குள் கண் செருகும். கீழே பூக்கடைப் பாட்டும் மோனோரெயில் சத்தமும் கலந்து எங்கிருந்தோ வரும். விழிக்கிறபோது எந்த ஊர் என்பது சற்று நேரம் பிடிபடாது. ஐனி என்கிற மலாய் நர்ஸ், இங்கே சொல்கிற மாதிரி மிஸ்ஸி, என்னைப் பார்த்ததும் "சுடா மாக்கான்?" என்பாள். சாப்பிட்டாச்சா என்று. நானோ குற்றவாளி மாதிரி, அரை இட்லி, சாம்பார் இல்லை, டாக்டர் விலக்கிய வாழைப்பழம் சத்தியமாக இல்லை என்று வாக்குமூலம் கொடுப்பேன். அவள் முழிப்பாள். அது வெறும் குசலம் விசாரிப்பு என்று விமலா சொல்லித்தான் தெரிந்தது. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டிய எங்களுக்கு, லெட்சுமி அக்கா பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுவருவார். ஆளுக்கொன்று. அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், அடடா, கல்யாணச் சாப்பாடு தோற்றது!

இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தைக் காதில் வைத்தால் உள்ளே ஓர் இரைச்சல் ஓடும். அது ஓடினால்தான் ஊசி ஏறும், ரத்தம் சுத்தமாகும். எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்பேன். ஒரு காலையில் கேட்டால், சத்தமே இல்லை. அடைத்துக்கொண்டுவிட்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். வலது கையில் இன்னோர் ஆபரேஷன் என்றார்கள். "பாசிட்டிவா இருங்க" என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் சூரியோதயம் அனுப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கழுத்தில் குழாய் இருந்தால் தெரியும்! போதும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மன்னார்குடிக்குப் போய் அம்மா பக்கத்தில் படுத்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். விமலாவிடம்கூடச் சொல்லவில்லை. டயாலிசிஸும் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்கும் தெரியும்.

அன்று சிகிச்சை முடிந்து எழுந்தபோது, முதல்முறையாக நானே வாய்திறந்தேன். "போறேன் அக்கா."

லெட்சுமி அக்கா என் முகத்தைப் பார்த்தார். தைரியமாக இரு, கும்பிட்ட சாமி காப்பாற்றும் என்றெல்லாம் சொல்லவில்லை. "இப்படி வாங்க, ஊர்க்காரரே" என்று ஊசி குத்தாத பக்கமாக என்னை அழைத்து, அந்தக் கையின் தழும்பைக் காட்டினார். "இது மொத ரேடியோ. மக்கர் பண்ணிருச்சு. இந்தா, மேல இருக்கே, இது ரெண்டாவது. அது பாடவே இல்ல, சனியன்! அப்ப மூணு நாளு அழுதேன். யார்கூடயும் பேசல. அப்புறம் அழுது என்னா, மூஞ்சிதான் வீங்குது." ஊசியும் குழாயுமாக இருந்த மறுகையைக் கண்ணால் காட்டினார். "இது மூணாவது. தோளுகிட்ட கை வைங்க."

வைத்தேன். உள்ளே குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா? எத்தனை வருசமா பாடுது தெரியுமா! நீங்க வராம போனா நான் யாருகிட்ட வாயடிக்கிறது? அந்தச் சீனத் தாத்தா கையத்தான் தூக்குவாரு."

அங்கேயே நின்று அழுதேன். ஐனி ஓடிவந்து "சாக்கிட்கா, அபாங்?" என்றாள், வலிக்கிறதா அண்ணே என்று. இல்லை என்று தலையாட்டினேன், அவள் நம்பவில்லை. அன்றே ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

இப்போது வலது கையில் இரைச்சல் ஓடுகிறது. அது ஊசிக்குத் தயாராகும்வரை கழுத்துக் குழாய்தான். நேற்று சிகிச்சை முடிகிற நேரத்தில் அம்மா போன் செய்தாள். வழக்கமான கேள்வி: "எப்பப்பா வர்ற?" பதில் சொல்லாமல் போனை வலது கையின் மேல் வைத்து அழுத்தினேன். பிறகு காதுக்குக் கொண்டுவந்தேன்.

"என்னப்பா இரையுது? அங்க மழையா?"

"இல்லம்மா, நான்தான். நல்லா ஓடிக்கிட்டிருக்கேன்."

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. "சரி, எப்ப வர்றே சொல்லு" என்றாள் மறுபடி.

"வரேம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அரைத்தூக்கத்திலிருந்த லெட்சுமி அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"ம்ம், வாங்க. சனிக்கிழமை பாப்போம்."