கையால் தூக்கக் கூடாத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை கூலிம் ஊரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பசை வாசனை மூக்கில் ஏறியது. முன்னறையில் நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு முக்காலிகளின் மேல் ஒரு நீளப் பலகையைப் போட்டுத் தம்பி குனிந்து கிடந்தான். பலகையின் மேல் பினாங்கில் வாங்கிவந்த விளையாட்டு ரயில். முப்பது வயதுக்கு மேல் அவனுக்கு வந்த ஆசை. அவன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்களாச்சும் கேளுங்க. மூணு வாரமா சோறு திங்கக்கூட மேசை இல்ல," என்றாள்.

சும்மா வட்டமாகச் சுற்றி ஓடுகிற ரயில் இல்லை அது. ஒரு சின்ன ஸ்டேஷனுக்குள் வண்டிகளைக் கழற்றி, மாற்றி, வேறு வரிசையில் கோர்க்கிற விளையாட்டு. ஷண்டிங் என்பார்கள். நீளமாக ஒரு மெயின் லைன். அதிலிருந்து பிரிந்து போய் மறுபடி அதிலேயே சேரும் ஒரு லூப்பு. ஒரு பக்கம் முட்டுச்சந்து மாதிரி முடிந்துபோகும் சைடிங்.

"அக்கா, அப்பா ரயில்வேயிலதானே இருந்தாரு. நீ பாத்திருப்ப இல்ல? சரியா இருக்கா, சொல்லு லா."

நான் லூப்பைத்தான் பார்த்தேன். அதில் எத்தனை வண்டி நிற்கும் என்று மனசு தானாகவே எண்ணியது. மூன்று. "காப்பி போட்டுட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். கூச்சப்பட்ட நேரத்திலெல்லாம் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வது என் பழைய பழக்கம். அன்றைக்கு ஒளிந்தது கூச்சத்தால் அல்ல.

தம்பியின் பசை கடைப் பசை. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இருந்தது மரவள்ளிக் கிழங்கு மாவைக் கொதிக்கவைத்துக் கிண்டிய பசை. ஜப்பான்காரன் காலத்தில் எங்களுக்கு எல்லாமே மரவள்ளிதான். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, சட்டைக்குக் கஞ்சி போடவும் மரவள்ளி. சட்டை என்று பெருமைக்குச் சொல்கிறேன். எனக்கு இருந்தது சாக்கில் தைத்த ஒரு கவுன். அது முதுகை அரித்த அரிப்பு, இப்போது நினைத்தாலும் கை தானாக முதுகுக்குப் போகிறது.

சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே அப்பாவுக்கு ஷண்டிங் வேலை. தண்டவாளத்தை ஒட்டிய குவாட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. வெள்ளைக்காரன் பின்வாங்கும்போது லூப்பின் ஒரு முனையை வெடிவைத்து உடைத்துவிட்டுப் போனான். ஜப்பான்காரன் அதை அரைகுறையாகச் சேர்த்ததில், எட்டு வண்டி நின்ற லூப்பில் மூன்றுதான் நின்றது. வடக்கே போகும் ரயில் மத்தியானம் வந்து, தண்ணீர் பிடித்து விறகு ஏற்ற அரை மணி நேரம் நிற்கும். அதற்குள் அப்பா சைடிங்கில் இருக்கும் சரக்கு வண்டிகளை ஷண்டிங் எஞ்சினால் அதன் வாலில் கோர்த்துவிட வேண்டும். சரக்கு வண்டிகள் உள்கோடியில் நிற்கும். அவற்றை மறித்துக்கொண்டு வாய்ப்பக்கத்தில் ஐந்து காலி வண்டிகள். காலி வண்டிகளை முதலில் வெளியே இழுத்து லூப்பில் ஒதுக்க வேண்டும். லூப்போ மூன்றைத்தான் கொள்ளும். இப்படிப் போய் அப்படி வந்து அப்பா முடிப்பதற்குள் ரயில் ஊதிவிட்டுக் கிளம்பிவிடும். சரக்கு வண்டி மறுநாளுக்கு மிஞ்சும்.

மிஞ்சினால் அறை. ஜப்பான்கார அதிகாரி ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். "பகேரோ!" என்று அவன் பாஷையில் திட்டிவிட்டு, எக்கி நின்று அறைவான். அப்பா அவனைவிட உயரம். எக்க வேண்டியிருந்த கோபத்தில் இன்னொன்று விழும். அப்பா வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்காருவார்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய், உடைந்த கதவுப் பலகை ஒன்றைத் தூக்கி வந்தார். மூங்கிலைச் சீவி மெல்லிய பட்டையாக்கி, மரவள்ளிப் பசையால் ஒட்டினார். அப்படியே எங்கள் ஸ்டேஷன்: மெயின் லைன், மொட்டையான லூப்பு, சைடிங். தடம் மாற்றும் பாயிண்டுக்கு, ஆணியில் திரும்பும் ஒரு மூங்கில் துண்டு. வண்டிகளுக்குப் பழைய தீப்பெட்டிகள். எஞ்சினுக்கு மத்தி மீன் தகரத்தை வெட்டி மடித்தார்.

அம்மா வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டே, "ஊரே பட்டினி கிடக்குது. இங்க தொரை ரயிலு ஓட்டுறாரு," என்றார்.

"ஓட்டல புள்ள. எங்க நேரம் போவுதுன்னு பாக்கறேன்."

கொக்கிகள் செய்து கொடுத்தது மாமா. அம்மாவின் தம்பி. நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் கிழங்கு மூட்டையோடு நடந்தே வருவார். செம்புக் கம்பியை வளைத்து ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் கொக்கி மாட்டினார். மாட்டியதோடு சரி, விளையாட மட்டும் தெரியாது. வண்டி மாட்டிக்கொண்டால் இரண்டு விரலால் தூக்கி வேண்டிய இடத்தில் வைத்துவிடுவார்.

"மாமா, கையால தூக்கக்கூடாது! கள்ளாட்டம்!"

"மருமவளே, இது மாமா வண்டி. இதுக்கு ரெக்க இருக்கு."

"நெசத்துல பறக்குமா?"

"நெசத்துல ஒங்கப்பன் அறை வாங்குறாரு. அதுக்கு இது தேவலாம்."

அப்பாகூட அன்றைக்குச் சிரித்தார்.

மற்ற நேரமெல்லாம் பலகை எனக்குத்தான். படிப்பில் நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. வாய்ப்பாடு பன்னிரண்டுக்கு மேல் இன்றும் தடுமாறும். ஆனால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தப் பெட்டிகளை நாள் முழுக்க நகர்த்தினேன். ஒரு மத்தியானம் எனக்கு ஒன்று தோன்றியது. காலி வண்டிகளை ஏன் பிரிக்க வேண்டும்? எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே இழுத்தால், முன்னால் எஞ்சின், நடுவில் காலி, கடைசியில் சரக்கு. அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போனால், நிற்கிற ரயிலின் வாலில் முதலில் போய்த் தொடுவது சரக்கு வண்டிதான். கொக்கியை மாட்டிவிட்டு, காலியைக் கழற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். லூப்பே வேண்டாம். பதினொரு ஓட்டம் நான்கு ஓட்டமானது.

அந்த ஞாயிறு அப்பாவுக்கும் மாமாவுக்கும் செய்து காட்டினேன். அப்பா தானும் ஒருமுறை பெட்டிகளை நகர்த்திப் பார்த்தார்.

"சட்டத்துல இல்லம்மா. காலி வண்டிய ஒதுக்காம, நிக்கிற ரயிலு மேல தள்ளக்கூடாது. புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் புஸ்தகம் எழுதுனவன் இப்ப எங்க மச்சான்? கப்பலேறிட்டான். நீங்க இன்னும் அவன் சட்டத்தக் காவ காத்து அறை வாங்குறீங்க. புள்ள சொல்றதச் செய்ங்க."

எனக்கு அன்றைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் தோட்டங்களிலிருந்து ஆட்களை வடக்கே சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ரயில்வேயில் வேலை இருப்பவர்களைத் தொடமாட்டார்கள் என்று பேச்சு. அப்பா ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி, மாமாவுக்கு லைன் கூலியாக வேலை கேட்டிருந்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிற மனுஷர். புதன்கிழமை காலை எங்கள் வாசலுக்கே வந்து, "எல்லாம் சரி. நாளைக்குக் காலமை வண்டியிலை கடதாசி வரும். பொடியனை வரச் சொல்லுங்கோ," என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று மத்தியானம் சைடிங்கின் உள்கோடியில் கதவு அடைத்த இரண்டு வண்டிகள். துப்பாக்கியோடு காவல் இருந்தது. அப்பா என் வழியில் செய்தார். ரயில் ஊதுவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், "யோஷி! யோஷி!" என்று மெச்சித் தோளில் தட்டினான். ஒரு தகரக் குவளை நிறைய அரிசி கொடுத்து அனுப்பினான்.

பல மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு வெந்தது. சோறு கொதிக்கிற வாசனைக்கு நான் அடுப்பைவிட்டு நகரவில்லை. அப்பா என் தட்டில் இன்னொரு பிடி வைத்து, "இது ஒன் சம்பளம்," என்றார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. அப்பா விளக்கவும் இல்லை. மாமாவுக்கு என்று ஒரு கிண்ணம் சோற்றை அம்மா தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். காலையில் வருவார் அல்லவா.

காலையில் வந்தது மாமா இல்லை. அவர் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அஞ்சலையக்கா. நாலு மைலும் ஓடி வந்தது போல மூச்சு வாங்கியது.

"அக்கா, நேத்துக் காலையில பேர் கூப்பிடுறப்ப பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்க வச்சு, ஆம்பளைங்கள எண்ணி லோரியில ஏத்திட்டாங்க. ஒன் தம்பியும்தான். நேரா ஸ்டேஷனுக்குத்தான் கொண்டாந்தாங்களாம். பொட்டி வண்டியில அடைச்சாங்களாம்."

அம்மா அழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தெனம் மிஞ்சுற வண்டி, நேத்து மட்டும் ஏன் மிஞ்சல?"

அப்பா என்னைப் பார்க்காமல், "நேத்து வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சு," என்றார்.

காலை வண்டியில் காகிதம் வந்தது. மாமாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. மாஸ்டர் அதைக் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் வாசலிலேயே நின்றார். அந்தக் கிண்ணத்துச் சோறு என்ன ஆனது என்று மட்டும் எனக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நான் தின்றிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

சாயங்காலம் அப்பா பலகையை உடைத்து அடுப்பில் வைத்தார். மூங்கில் பட்டென்று வெடித்தது. தீப்பெட்டிகள் ஒரு நொடியில் போயின. இப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒரு பெட்டியை எடுத்து ஒளித்து வைப்பார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறேன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அந்த நெருப்பில் வெந்த கிழங்கைத்தான் நாங்கள் தின்றோம்.

மறுநாளிலிருந்து அப்பா பழைய புத்தகத்தின்படியே வேலை செய்தார். பதினொரு ஓட்டம். வண்டி மிஞ்சியது. அறை விழுந்தது. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வரும்வரை அப்படித்தான். இடது காது கடைசிவரை அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் சிலர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். ஒருவர் ஒரு முகாமைச் சொன்னார், இன்னொருவர் வேறொன்றைச் சொன்னார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நான் நகர்த்திய நான்கு ஓட்டத்தை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. தெரியாமலேயே செத்துப்போனார். அப்பா மட்டும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம், நான் ஏதும் கேட்காமலே சொன்னார்: "கொக்கி மாட்டும்போது உள்ளருந்து யாரோ தட்டி, தண்ணி கேட்டாங்க. அது அவன் குரல் இல்லம்மா. எனக்கு அவன் குரல் தெரியாதா?" அடுத்த வாரமும் அதையே சொன்னார். சாகும்வரை சொன்னார்.

காப்பியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். தம்பி சண்டைக்குப் பிறகு பிறந்தவன். மாமா என்று ஒருவர் இருந்தார், சயாமுக்குப் போனார், வரவில்லை என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் மாமாவின் படம்கூட இல்லை. தோட்டத்தில் யார் படம் எடுத்தார்கள்? எங்கள் ஸ்டேஷனையும் போன வருஷம் பேருந்தில் போகும்போது பார்த்தேன். குவாட்டர்ஸ் இல்லை. சைடிங் இருந்த இடத்தில் லாலாங் புல் ஆள் உயரம் நிற்கிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமா இருந்த லயமும் தரைமட்டமாகி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருக்கிறார்கள்.

"இங்க பாரேன்க்கா." தம்பி சின்னப்பிள்ளை போலக் குதித்தான். "காலி வண்டியப் பிரிக்கவே வேணாம். மொத்தமா இழுத்து வாலுல தள்ளிட்டா முடிஞ்சது. நாலே மூவ்! நானே கண்டுபிடிச்சேன்."

ரயில் தயாராக நின்றது. கடைசியில் இரண்டு பெட்டி வண்டிகள், பழுப்பு நிறம், கதவு மூடியிருந்தது. அவன் விரல் சுவிட்சில் இருந்தது.

நான் குனிந்து, அந்த இரண்டையும் ஒவ்வொன்றாக இரண்டு விரலால் தூக்கி, திரும்பவும் சைடிங்கின் உள்கோடியில் வைத்தேன்.

"அக்கா! கையால தூக்கக்கூடாது லா. கள்ளாட்டம்."

"தெரியும்டா," என்றேன். "இன்னைக்கு மிஞ்சட்டும். நாளைக்குப் போகட்டும்."