ஸெல்மிரா தூக்கிய கை

பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரில் எங்கள் குன்றுப் பாதை மழை வந்தால் சேறாகிவிடும். ஆம்புலன்ஸ் அடிவாரத்திலேயே நின்றுவிடும். நகராட்சி எந்த வேலையை முதலில் எடுப்பது என்று எல்லாக் குடியிருப்புகளும் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அந்த வருடம் ஸெல்மிராவை அனுப்பினோம். முடி வெட்டுகிறவள். நல்ல வாய்.

"ரோடு இல்லாம வந்து நிக்காத," என்றார் கறிக்கடை அதால்பெர்த்தோ.

"நீங்க தாரு வாசனையப் புடிக்க மூக்கத் தொடச்சி வைங்க," என்றாள்.

வாக்கெடுப்புக்கு முன்னால் பிரதிநிதிகளைப் பஸ்ஸில் ஏற்றி, ஒருவர் இடத்தை மற்றவருக்குக் காட்டுவார்கள். அடிவாரத்தில் நாடிர் என்பவளின் சமையலறையில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. செங்கல் மேல் அடுப்பு. நாடிர் மாத்தே கஷாயக் குடுவையை ஸெல்மிராவிடம் நீட்டினாள்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"மேலேருந்துதான். உங்க குன்றுலேருந்து."

கூட்டத்தில் ஸெல்மிரா ரோட்டுக்காகத் தொண்டை வற்றப் பேசினாள். பிறகு பொறியாளரிடம், ரோடு போட்டால் கீழே என்ன ஆகும் என்று அவளே கேட்டாள். வடிகால் இல்லாவிட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும் என்றார் அவர். அடிவாரத்துக்காரர்கள் கேட்ட வடிகாலுக்குக் கை தூக்கச் சொன்னபோது அவள் கையும் மேலே போனது. வடிகால் ஜெயித்தது.

"உன்னை அனுப்புனது யாரு? நாங்களா, அவங்களா?" அதால்பெர்த்தோ கத்தினார்.

"நீங்கதான்."

"அப்ப எங்க வாயாத்தானே பேசணும்?"

"பேசுனேனே. அவங்க பேசுனதும் காதுல விழுந்துச்சே, அதை என்ன பண்றது?"

பலர் அவள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். என் முடியை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "நான் பண்ணது துரோகமாடி? கேட்டும் மனசு மாறக் கூடாதுன்னா எதுக்குக் கூட்டம்? ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாமே?" எனக்கும் விளங்கவில்லை. என் வீட்டுக்கும் ரோடு வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் அதால்பெர்த்தோவின் மாமியாருக்கு மூச்சு முட்டியது. நாற்காலியில் வைத்து, சேற்றில் வழுக்கி வழுக்கி ஆம்புலன்ஸ் வரை தூக்கிப்போனோம். நாற்காலியின் ஒரு காலை ஸெல்மிரா பிடித்திருந்தாள். கிழவி பிழைத்துவிட்டாள். ஸெல்மிரா அன்று முழுவதும் கடையைத் திறக்கவில்லை.

மறுவருடம் அதால்பெர்த்தோவையே அனுப்பினோம். பஸ் பயணம் முடிந்ததும் நேராக அவள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எங்க கூட்டிட்டுப் போனாங்க?"

"ஒண்ணும் கேக்காத. முடிய வெட்டு."

அவர் ரோட்டுக்குத்தான் கை தூக்கினார். ரோடும் வந்தது; பஸ்ஸில் போய் அவர் பார்த்த இடத்துக்கு அந்த வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. திறப்பு விழாவில் எல்லாரும் ஆடினார்கள். அவர் மட்டும் ஸெல்மிராவின் பக்கத்தில் நின்று, "இப்ப சந்தோஷப்படணுமா?" என்று கேட்டார்.

"தெரியல அதால்பெர்த்தோ," என்றாள் அவள்.