குழி நம்பரும் பெயின்ட் நம்பரும்

பந்தல் வாடகைத் தொழிலில் பந்தல் போடுவது சுலபம், அதை எங்கே போடுவது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பார்சல் கொண்டு போகிறவர்கள், கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர்கள், கல்யாணப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு லயம் லயமாக விசாரித்து அலைந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் கடை இலங்கை மலையகத்தில், ஹட்டனில். நாற்காலி, தகரப் பந்தல், மணவறை, பலூன் வளைவு எல்லாம் வாடகைக்கு. என் வீட்டுக்காரர் சாமான்களோடு நன்றாகப் பழகுவார், மனிதர்களோடு பேசச் சொன்னால் ஓடிவிடுவார். அதனால் போனை எடுத்து விலாசம் கேட்பதும், லொறியில் கூடப் போய் இறக்குவதும் என் தலையில் விழுந்த வேலை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டுக்குத் தெருப் பெயரும் கிடையாது, கதவு இலக்கமும் கிடையாது. எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். தோட்டமோ ஒரு மலையில் தொடங்கி அடுத்த மலையில் போய் முடியும். அதனால் எங்கள் ஆட்கள் பாலத்தைச் சொல்வார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு ரோட்டில் பழைய கொங்கிரீட் பாலங்களின் கைப்பிடிச் சுவரில் நம்பர் உண்டு. கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே அச்சு வைத்து அழுத்தியது. மேலே ஒன்பது, நடுவில் ஒரு கோடு, கீழே மூன்று என்றால் ஒன்பதாவது மைலில் மூன்றாவது பாலம் என்று அர்த்தம். "ஒம்பது மூணு பாலத்துகிட்ட வந்து ஹோர்ன் அடிங்கக்கா" என்று யாராவது சொன்னால் அதுதான் முழு விலாசம்.

இதில் ஒரே ஒரு வம்பு. மைல் போய் கிலோமீட்டர் வந்த பிறகு எல்லாப் பாலத்துக்கும் கறுப்புப் பெயின்ட்டில் புது நம்பர் எழுதினார்கள். பழைய அச்சை யாரும் அழிக்கவில்லை. ஆக, ஒரே ரோட்டில் இரண்டு ஒன்பது மூணு. ஒன்று கீழே, ஒன்பதாவது கிலோமீட்டரில், பெயின்ட்டில். அது பிற்பாடு கட்டிய பாலம், அதில் அச்சே கிடையாது. இன்னொன்று அங்கிருந்து வளைந்து வளைந்து வெகுதூரம் ஏறிய பிறகு, ஒன்பதாவது மைலில், கொங்கிரீட்டில் குழியாக. அங்குள்ளவர்களுக்குப் பெயின்ட் கண்ணிலேயே படாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கலைவாணி என்ற பெண்ணின் கல்யாணம் நின்று போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்களுக்குப் புத்தி வந்த வகையைச் சொல்லிவிடுகிறேன்.

பலூனோடு போன இடம்

கடை திறந்த புதிதில் ஒரே நாளில் இரண்டு ஓர்டர். ஒன்று சாவு வீடு, மற்றது பெண் பிள்ளையின் சடங்கு வீடு. இரண்டு பேரும் ஒன்பது மூணு பாலம் என்றார்கள். ஒரே இடத்தில் நல்லதும் கெட்டதுமா என்று ஒரு கணம் யோசித்தேன். பெரிய தோட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் லொறியை ஓட்டுவது பஷீர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூத்தவர், என் மேல் கோபம் வந்தால் ஹோர்னில் காட்டுவார். அவரும் நானும் ரோஸ் நிறப் பலூன் வளைவைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாட்டும் போட்டுக்கொண்டு போய் நின்றால், முற்றத்தில் பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதற்றத்தில் நானாவுக்குப் பாட்டை நிறுத்துகிற பொத்தான் எது என்று மறந்துவிட்டது. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. இறந்தவரின் மகன் எழுந்து வந்தார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலிகளை மட்டும் இறக்கச் சொல்லி, எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி வரவழைத்து, பலூனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அப்பாவுக்கு வேடிக்கைன்னா புடிக்கும்தான் அக்கா. ஆனா இன்னைக்கு வேணாம்."

சிரிக்கிற ஐயா

அன்றிலிருந்து போனில் என் முதல் கேள்வி, "குழி நம்பரா, பெயின்ட் நம்பரா?" என்பதுதான். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான். தெரியாதவர்களிடம், "சுவர்ல விரல வச்சு தடவிப் பாருங்க, பள்ளம் தட்டுப்பட்டா குழி" என்று பாடம் நடத்துவேன்.

ஒருமுறை ஒரு தம்பி தன் அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் கேட்டார். போனோடு பாலத்துக்கே அனுப்பித் தடவச் சொன்னேன். சுவரெல்லாம் பாசி, அதன் மேல் தேர்தல் போஸ்டர், அதற்கும் மேல் இன்னொரு தேர்தல் போஸ்டர். சுரண்டுகிற சத்தம் எனக்கு போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மூச்சு வாங்கச் சொன்னார்: "அக்கா, நம்பர் எதுவும் இல்ல. ஒரு ஐயா மட்டும் சிரிச்சிக்கிட்டு இருக்காரு."

மூடுபனியில் பஷீர் நானா

மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் ரோட்டில் பாலமும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அப்போது பஷீர் நானா லொறியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, பாலத்துச் சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டால்தான் நம்பர் சரியாகப் பிடிபடும் என்பது அவருடைய கட்சி.

ஒரு நாள் அப்படித் தலையில் தொப்பியோடு, கண்ணை மூடி, சுவரை மெதுவாகத் தடவிக்கொண்டு நின்றார். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் நின்று அவரைப் பார்த்தார். எங்கள் பக்கம் பாலத்தடியில் ஒரு கல்லாவது சூலமாவது சாமியாக நிற்பது வழக்கம். அவருக்கு நானாவைப் பார்த்து என்ன தோன்றியதோ, மிகவும் மரியாதையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அங்க சாமி இல்லைங்க நானா. சாமி அந்தப் பக்கம் மரத்தடியில இருக்காரு."

ரோட்டு ஐயாவின் விலாசம்

பெயின்ட் நம்பரை மறுபடி பளிச்சென்று எழுத ஒரு ஐயா ஆட்களோடு வந்திருந்தார். சிங்களவர், நல்ல மனிதர். நான் லொறியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பழைய குழி நம்பரையும் வேறு நிறத்தில் எழுதிவிட்டால் எங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். மைல் என்று ஒன்று இப்போது நாட்டிலேயே இல்லை, இல்லாததற்கு எப்படிப் பெயின்ட் அடிப்பது என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்தே போன். வீட்டில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்கிறார்களாம், நாற்காலி வேண்டுமாம். எங்கே இறக்குவது என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் நங்கி என்று கூப்பிட்டுச் சொன்னார்: "ஏழு ரெண்டு பாலம் கிட்ட, நங்கி. பெயின்ட் நம்பர் இல்லே, அந்த பழைய குழி நம்பர். அது தானே எல்லாருக்கும் தெரியும்."

கொஞ்சமாக நாற்காலி

இனி கலைவாணி. குழி நம்பர் ஒன்பது மூணு பாலத்துக்கு மேலே உள்ள லயத்துப் பெண். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வேலை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாணம் ஏற்பாடாகி, அதற்கும் நாங்கள்தான் பந்தல் போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை. போனையும் அணைத்துவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. யாரும் உட்காராத நாற்காலிகளை அன்று மாலை நாங்களே திரும்ப ஏற்றினோம்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. கினிகத்தேனையில் பேக்கரி வேலை பார்க்கிற ரவி என்பவரின் சம்பந்தம் வந்தபோதுதான் ஒருவாறு இறங்கி வந்தாள். பெண் பார்த்ததும் நிச்சயம் செய்ததும் ஹட்டனில் அவளுடைய பெரியம்மா வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்துக்கு ஒரு தடவையும் வந்ததில்லை. ஓர்டர் கொடுக்க அவளுடைய அப்பா பெரியசாமி அண்ணன் கடைக்கு வந்தார். எத்தனை நாற்காலி என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்சமா குடும்மா. வராட்டி ஏத்துறதுக்கு லேசா இருக்கும்."

வராத பஸ்

கல்யாணத்தன்று எல்லாம் சரியாக நடந்தது, மாப்பிள்ளை வருவதைத் தவிர. சரியான பாலத்தில், சரியான லயத்தில், மணவறை நிற்கிறது. பெண் தயார். கினிகத்தேனையில் இருந்து பஸ் காலையிலேயே புறப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தாயிற்று. அதற்குப் பிறகு போன் போடுகிற போதெல்லாம் தொடர்பு இல்லை என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் குரல். போன தடவையும் இதே குரல்தான். வந்த சனம் மெதுவாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டது. பெரியசாமி அண்ணன் ரோட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

கலைவாணி கூறைச் சேலையோடு தானே எழுந்து என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன். பிள்ளைக் காம்பராவில் கணக்குச் சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னாள்: "அக்கா, மணவறைய மட்டும் இப்பவே கழட்டிருங்க. போன தடவ சாயந்தரம் வரைக்கும் நின்னுச்சு, பிள்ளைக எல்லாம் அதுல ஏறி வெளையாடுச்சுங்க."

பாலத்தில் நின்றவர்

பஷீர் நானாதான் பக்கத்தில் வந்து, மாப்பிள்ளைக்கு எந்த நம்பர் சொன்னீர்கள் என்று அவளிடம் கேட்டார். ஒன்பது மூணு என்றாள். குழியா, பெயின்ட்டா என்று கேட்டேன். நம்பரில் ஏது இரண்டு என்பது போல என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏது தெரியும்? அவள் பிறந்ததிலிருந்து அந்த ஒன்பது மூணுதானே. மணவறையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கத்திவிட்டு லொறியில் ஏறினேன். நானா அந்த வளைவுகளில் அன்று ஓட்டிய ஓட்டத்தை என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

கீழே பெயின்ட் பாலத்தில் பஸ் நின்றது. பள்ளம், சிக்னல் சுத்தமாகக் கிடையாது. மேளக்காரர்கள் சுவரில் உட்கார்ந்து, அந்த லயத்து ஆட்கள் கொண்டு வந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மூணு இதுதான், ஆனால் இங்கே கல்யாணமே இல்லை என்று அந்த ஆட்கள் சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டதாம். பெண் வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள், பஸ்ஸைத் திருப்பு என்று மாப்பிள்ளையின் மாமா சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. தூறலில் பட்டு வேட்டியோடு, பெயின்ட் நம்பருக்குப் பக்கத்தில், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். எங்களைப் பார்க்கவில்லை, மாமாவுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவங்க சொன்ன எடத்துலதான் மாமா நிக்கிறேன். நான் நகந்துட்டா என்னைய எங்கன்னு தேடுவாங்க?"

ஒரே ஒரு வார்த்தை

நான் லொறிக்குள்ளேயே அழுதுவிட்டேன், அதை மறைக்கவும் இல்லை. நானா இறங்கிப் போய் மாப்பிள்ளையின் தோளில் தட்டி, அவருடைய ஒன்பது மூணு இன்னும் மேலே இருக்கிறது என்று விளக்கினார். மாமாவுக்கு விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. லொறி முன்னால், பஸ் பின்னால், மேளம் பஸ்ஸுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. மேளச் சத்தம் கேட்டு லயமே ரோட்டுக்கு ஓடி வந்தது. நல்ல நேரம் இன்னும் முடியவில்லை என்றார் பூசாரி. முடிந்திருந்தாலும் அன்று அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

தாலி ஏறிய பிறகு நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பெரியசாமி அண்ணன் என்னிடம், ஏம்மா இன்னும் கொஞ்சம் கொண்டு வரக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கூட்டம் குறைந்ததும் கலைவாணியின் பக்கத்தில் போய், நம்பர் குழப்பத்தையும், மாமா சத்தம் போட்டதையும், பாலத்தில் அவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். இப்படித் தப்பான பாலத்தில் போய் நின்றுவிட்டாரே என்று கேலியும் செய்தேன். அவள் மாப்பிள்ளை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. "தப்பான பாலமா இருந்தா என்னக்கா," என்றாள், "நின்னுக்கிட்டு இருந்தாருல்ல."

சரியான பாலத்தில் இறக்கினால் வாடகை மட்டும்தான் கிடைக்கும், தப்பான பாலத்தில் போய் நின்றால்தான் யாராவது தேத்தண்ணி கொண்டு வருகிறார்கள் என்பதால், இந்த நம்பர்களைச் சரி செய்யச் சொல்லி நாங்கள் இப்போதெல்லாம் யாரையும் கெஞ்சுவதில்லை.