வேணாம்

என் தங்கச்சி நிரஞ்சனிக்கு ஒரு சொல் மட்டும் வாயில் வராது: வேணாம். பல்லேபொலயில் மிளகுக் கடையொன்றில் சாக்குத் தைக்கிறவள். பக்கத்தில் இருக்கிறவள் தன் பங்கையும் தள்ளிவிட்டால் அதையும் தைப்பாள். கண்டியில் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்து உலோக வால்வு வைத்தார்கள். கண் விழித்ததும், "ஒங்களுக்குத்தான் கரைச்சல் குடுத்துட்டேன் மிஸ்" என்று நர்ஸிடம் சொல்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். "இது ரத்தத்தைத் தண்ணியாக்குற குளிசை. சாகும் வரைக்கும் போடணும். நிப்பாட்டினா வால்வுல ரத்தம் கட்டிடும்." அவள் புருஷன் விஜேந்திரன் காதில் விழுந்தது முதல் பேச்சு மட்டும்.

குளிசை போடப் போட அவள் கையெல்லாம் நீலம் பாரித்தது, பல் தீட்டினால் ரத்தம் கசிந்தது. ஆட்டோ ஓட்டுகிற விஜேந்திரன் என்ற அந்தப் பெரிய வைத்தியர் உடனே முடிவெடுத்துவிட்டார். "இருக்குறதே கொஞ்சம் ரத்தம். அதையும் தண்ணியாக்கினா நீ என்னத்துக்கு ஆவே? கொஞ்ச நாளைக்குக் குளிசைய வுடு." விடிந்தால் தானே வல்லாரை இடித்து, இலைக்கஞ்சி காய்ச்சி நீட்டினான். இவளும் சரி என்று குடித்தாள். கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறேனே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?

ஒருநாள் சாக்கு ஊசியோடு அப்படியே சரிந்தாள். வாய் கோணி, வலது பக்கம் இழுத்துவிட்டது. வால்வில் கட்டிய ரத்தம் பிய்ந்து மூளைக்குப் போய்விட்டதாம். மறுபடியும் நெஞ்சைத் திறந்தார்கள்.

"நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சேன்," என்று ஆஸ்பத்திரி வாசலில் அழுதான் விஜேந்திரன்.

"ஒன் நல்லதுல இடி விழ!" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உயிர் தப்பினாள், பேச்சு போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் வால்வு டிக் டிக் என்று அடிப்பது மட்டும் கேட்கும். இலைக்கஞ்சி அந்தக் குளிசையின் வேலையைக் கெடுக்கும், கொடுக்காதே என்று டொக்டர் இந்தத் தடவை விஜேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்.

போன வாரம் காலையில் அவள் முன்னால் குளிசையை வைத்துவிட்டு நிமிர்கிறேன், கோப்பையோடு நிற்கிறான் மனுஷன்!

"ஒரே ஒரு வாய் நிரஞ்சனி. தெம்பு வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய இடது கை கோப்பையைத் தள்ளியது. கஞ்சி அவன் சட்டையெல்லாம் கொட்டியது. கோணிய உதடு இழுத்து இழுத்துத் துடித்தது.

"வே... ணாம்."

குளிசையைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி, பாவி!" என்று திட்டிக்கொண்டே நான் அழுதேன்.