பக்கத்து சீட்

இதை நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. நம்பாமல் போனால் எனக்குத்தான் நல்லது. இது நடக்கவில்லை என்றால் நான் கோழை இல்லை என்றாகிவிடும். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், என் சொந்தப் பட்டறையில், என் மனைவி கூட இருக்கும்போதே நடந்தது.

என் பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே முழுக்க அலுவலகங்கள். சரிவுப் பாதையில் இறங்கி ஒரு வளைவு திரும்பினால் அதோடு வெயில் முடிந்தது. பகலிலும் டியூப் லைட்தான். ஞாயிற்றுக்கிழமையில் மேலே காவலாளியைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது.

அந்தக் காரைக் கொண்டு வந்து விட்டவர் ஒரு மருந்துக் கடைக்காரர். பழைய பெட்ரோல் வண்டி. யாரிடமோ கைமாறி, அவரிடம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"சிக்னல்ல நின்னா இன்ஜின் ஏறி ஏறி இறங்குது. அப்புறம்... உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம்."

நான் சிரித்துவிட்டேன். "மூச்சு இல்ல சார், ஓட்டை. இன்டேக் மேனிஃபோல்ட்ல விரிசல் விட்டிருக்கும். இன்ஜினுக்குக் காத்தப் பிரிச்சு அனுப்புற குழாய். பிளாஸ்டிக்குல்ல, சூட்டுல வெடிச்சுடும். அது வழியா காத்து உறிஞ்சுற சத்தம்தான் உங்களுக்கு மூச்சு மாதிரி கேக்குது."

அவர் சிரிக்கவில்லை. சாவியை மேஜையில் வைத்தார். "அவசரமே இல்ல. மெதுவாப் பாருங்க" என்றார். வண்டியை விட்டுவிட்டு அப்படிச் சொல்லும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிறு அன்று உதவிக்கு ஆள் வரவில்லை. விளக்குப் பிடிக்க என் மனைவி வந்தாள். அவள் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். நான் ஒவ்வொரு காற்றுக் குழாயாக உருவ உருவ, எது எங்கே போகும் என்று குழம்பாமலிருக்க அவள் கலர் கலராக நூல் கட்டினாள்.

"ஸ்கூலுக்குப் போற பிள்ளைக்கு ரிப்பன் கட்டுற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் குழாயோடு தூக்கி ஓரமாக வைத்தேன். அடிவரிசை போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவித் தடவித்தான் கழற்ற வேண்டும். ஒருவழியாகப் பழைய மேனிஃபோல்ட் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"பாத்தியா? இதான் அவரோட மூச்சு."

இன்ஜினில் வாயைத் திறந்தபடி நான்கு துளைகள். உள்ளே எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று நான்கிலும் துணியைச் சுருட்டி அடைத்தேன். பிறகு மேனிஃபோல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டின் பிசிறுகளைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

மணி மூன்று இருக்கும். அவள்தான் முதலில் கவனித்தாள்.

"ஏங்க... அந்தத் துணி ஏன் ஆடுது?"

மூன்றாவது துளை. துணி மெல்ல உள்ளே போனது. நின்றது. மெல்ல வெளியே வந்தது. மறுபடி உள்ளே...

மற்ற மூன்றும் அசையவில்லை.

"காத்தா?"

"ம். காத்துதான்" என்றேன். அங்கே காற்றே கிடையாது. மின்விசிறிகூட ஓடவில்லை. பேட்டரி இல்லாத இன்ஜின், காலையிலிருந்து சில்லிட்டுக் கிடந்தது.

அதற்கப்புறம் நான் வேகமாக வேலை செய்தேன். புது கேஸ்கெட்டை வைத்தேன். துணிகளை உருவினேன். மூன்றாவது துணி ஈரமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. புது மேனிஃபோல்ட்டை வைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போல்ட்டுகளை முடுக்கினேன். அந்தத் துளைகளை மூடிவிட்டால் போதும் என்றிருந்தது.

"கால் கடுக்குது. கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். கொசுத் தொல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு போனது.

அப்படி ஓர் இருட்டு. கண்ணைத் திறந்திருக்கிறேனா, மூடியிருக்கிறேனா என்றே தெரியவில்லை. போன் எங்கோ மேஜைமேல்.

"ஏங்க?" காருக்குள்ளிருந்து அவள் குரல்.

"கரெண்ட் போயிடுச்சு. அங்கயே இரு."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்... ஹா...

ஸ்ஸ்ஸ்... ஹா...

இன்ஜினிலிருந்து இல்லை. காருக்குள்ளிருந்து.

"நீங்களா அது?" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. உள்ள வாங்களேன்."

"இதோ வந்துட்டேன்."

காரைத் தடவிக்கொண்டே போனேன். பக்கத்து சீட் கதவு கைக்குத் தட்டுப்பட்டது. திறந்தேன். குனிந்து சீட்டில் கையை ஊன்றினேன்.

சீட் இல்லை.

முழங்கால்.

துணிக்கு அடியில் எலும்பு கையில் உறுத்தியது. ஒரு முழங்கால்... அது லேசாக நகர்ந்தது. எனக்கு இடம் விடுவது போல.

அவள் அந்தப் பக்கம் இருந்தாள். "வந்துட்டீங்களா?" என்ற குரல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

நான் ஓடினேன்.

அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தூணில் மோதினேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன். பின்னால் கார்க் கதவை மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் சாத்தவில்லை.

மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. காவலாளி எழுந்து வந்தார்.

"என்னண்ணே, கீழ கரெண்ட் இல்லயா? அண்ணியும் கூட வந்தாங்களே?"

"கீழதான் இருக்கா."

"தனியாவா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஃபியூஸ் பெட்டியைப் பார்க்கப் போனார். நான் அந்தச் சரிவின் உச்சியிலேயே நின்றேன். ஓர் அடி இறங்கியிருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. இறங்கு என்று நான் அதனிடம் சொல்லவே இல்லை.

விளக்கு வந்தது. நான் இறங்குவதற்குள் அவளே வளைவு திரும்பி நடந்து வந்தாள். அழவில்லை. கோபம் இல்லை.

"எங்க போயிட்டீங்க திடீர்னு?"

"ஃபியூஸ் பாக்க."

"ம்." அவ்வளவுதான்.

காவலாளியைப் பேச்சுக்கு இழுத்துக் கூடவே வைத்துக்கொண்டு மீதி வேலையை முடித்தேன். வண்டி பூப்போல ஓடியது. சத்தமே இல்லை. மறுநாள் மருந்துக் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு இரவே என் மனைவி என் நகத்திலிருந்த கிரீஸைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் செய்யாதது. அதன் பிறகும் என்னிடம் அப்படி ஒரு பரிவு. விட்டு ஓடியதை வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

போன மாதம் அவளுடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கணவன்மார்களைப் பற்றிப் பேச்சு வந்தது. என் மனைவி என்னைக் காட்டிச் சிரித்தாள்.

"இவரா? வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்னுதான் நானும் நெனச்சேன். அன்னிக்கு இருட்டுல கார்ல வந்து பக்கத்துல உக்காந்தாரு பாரு... கரெண்ட் வர்ற வரைக்கும் என் கைய விடவே இல்ல. கை ஐஸ் மாதிரி. என்னைவிட இவருக்குத்தான் பயம், மூச்சு வாங்குது. காதுகிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?" என்றாள் தங்கை.

"'நீயும் விட்டுட்டுப் போயிடாத'ன்னு."

தங்கை என்னைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தாள். நான் தட்டைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"நீ என்னக்கா சொன்ன?"

"வேற என்ன சொல்வேன்? எங்கயும் போக மாட்டேன், எப்பவும் கூடவே இருப்பேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."