உங்கள் அம்மா வேண்டாமென்ற படுக்கை

அன்பு மகள் சுகன்யாவுக்கும் மகன் பிரபுவுக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் எல்லோர் முன்னாலும் பிரபு ஒரு கேள்வி கேட்டான். “ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்கறீங்க. அப்புறம் ஏம்ப்பா அம்மாவ டிரெயின்ல ஏத்தி அலைய விட்டீங்க?” சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். சுகன்யாவும் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசவில்லை. பதில் இருக்கிறது. வாயால் சொல்ல தைரியம் வராததால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா பள்ளிக்கரணையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தார். நிலம் கைமாறிய பிறகு அவருடைய அப்பா லாரி செட்டில் காவல் வேலைக்குப் போனார். உங்கள் அம்மா பத்தாம் வகுப்பு முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் வந்தார். வீட்டில் நான் ஒருநாளும் அவரை ‘அவர்’ என்று சொன்னதில்லை. இங்கே எழுதும்போது அப்படித்தான் வருகிறது.

கம்பெனி மூடி நான் பதினோரு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது, அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து உங்கள் இருவரையும் பட்டினி போடாமல் காப்பாற்றியவர் அவர்தான். அந்தப் பதினோரு மாதத்தில் என் உடம்பில் ஏறிய பயம் இன்னும் இறங்கவில்லை. அதன்பின் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஆபரேட்டராக வேலை கிடைத்தது. அந்த வேலை போய்விடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே வேண்டுதல்.

நம் அம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவை உங்களுக்குத் தெரியும். அவர் கணவருக்கு நெஞ்சு வலி வந்தபோது உங்கள் அம்மாதான் ஆட்டோவில் கூடப் போனார். அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் முதல் இடத்தில் “கார்டுக்கு பெட் இல்ல” என்றார்கள். இரண்டாவது இடத்திலும் அதே பதில். மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே அவர் உயிர் போய்விட்டது. உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, “கையைப் புடிச்சிக்கிட்டே இருந்தேங்க, எப்ப போச்சுன்னே தெரியல” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் எங்கள் வார வழிபாட்டு மன்றத்தின் பூஜை முடிந்து தீபாராதனை காட்டியதும், உங்கள் அம்மா எழுந்து நின்று உடம்பு முடியாதவர்களின் பெயரையும் யாரை எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் வாசித்தார். தாம்பரத்தில் இருக்கும் அவருடைய தோழி ஸ்டெல்லா அக்காவின் சர்ச்சில் ஞாயிறுதோறும் இப்படி வாசித்து ஜெபிப்பார்களாம். நம் பக்கம் அந்தப் பழக்கம் ஏது? நோயை மூடி மறைப்பதுதானே நமக்கு வழக்கம்.

மன்றச் செயலாளர் பதறிப்போனார். “சந்நிதியில நின்னு வியாதி பேரெல்லாம் சொல்லலாமாம்மா? கண்ணு படாதா?”

“சாமிகிட்டயே மறைச்சா அப்புறம் யார்கிட்ட சார் சொல்றது?”

அடுத்தடுத்த வாரங்களில் ஆட்களே வந்து பெயர் கொடுத்தார்கள். சர்ச்சில் ஸ்டெல்லா அக்கா ஒரு பட்டியல் வைத்திருந்தார். பள்ளிவாசல் ஜமாத்தில் ஆட்டோ ஓட்டும் காதர் பாய் ஒன்று எழுதினார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், திருப்பி அனுப்பிய இடங்களின் பெயர் மூன்றிலும் ஒன்றாக இருந்தது. கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுக்க ஒரு மனு தயாரானது. அட்டையை ஏற்பதாகப் பதிந்துகொண்ட மருத்துவமனைகள் அதை ஏற்க வேண்டும், அட்டைக்கான படுக்கையில் எத்தனை காலி என்று வாசலில் தினமும் எழுதிப் போட வேண்டும். கேட்டது இவ்வளவுதான். முதல் கையெழுத்து உங்கள் அம்மாவுடையது. நான் வேலை செய்யும் மருத்துவமனையும் மனுவோடு இணைத்த அந்தப் பட்டியலில் இருந்தது.

மனு போன மறுவாரம் மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். “முதல் கையெழுத்து உங்க மிஸஸ்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான், வேறெதுவும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

இப்போது நான் எழுதப்போவது ஸ்டெல்லா அக்காவுக்குக்கூடத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். உங்கள் அம்மா பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். ‘இவளை வெளியே எங்கேயும் போகவிடாமல் வீட்டோடு உட்கார வை தாயே, ஆடி மாதம் தீச்சட்டி எடுக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் அவருக்குக் கால் வீங்கியது. பல வருடச் சர்க்கரை இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்றார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். உங்கள் அம்மா வீட்டோடு உட்கார்ந்தார். அந்த நாட்களில் நான் கோயில் இருக்கும் தெருவிலேயே நடக்கவில்லை, பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

எங்கள் மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. கவுன்டரில் அட்டையைக் கொடுத்தேன். என்னை தினமும் அண்ணா என்று கூப்பிடும் பெண் தலையைக் குனிந்துகொண்டு, “கார்டுக்கு பெட் இல்லண்ணா” என்றாள். அன்று மாலையே மேனேஜர் சார் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். “உங்களுக்காகப் பண்ணித் தரேன். ஸ்டாஃப் ஃபேமிலி இல்லையா? இதுல மிஸஸ் ஒரு கையெழுத்து போட்டா போதும். நாளைக்கே வந்து படுத்துக்கலாம்.” விவரம் தெரியாமல் மனு கொடுத்துவிட்டேன், திரும்பப் பெறுகிறேன் என்று அதில் டைப் அடித்திருந்தது.

பிள்ளைகளே, எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். பேனாவும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். “எனக்கு மட்டும் இடமாங்க?”

“ஆமாம்மா. வேற எதுவும் யோசிக்காத. போடு.”

“பூக்காரம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“நீ செத்துட்டா நான் எப்படிம்மா முழிப்பேன்?” என்று கத்தினேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடு செவ்வாய்க்கிழமை வேண்டுதலையும் சொல்லிவிட்டேன். என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சு என்றேன்.

 அவர் அந்த வீங்கிய முகத்தோடு சிரித்தார், பாருங்கள். “இருபத்தாறு வருஷமா உங்க பேச்ச நானே கேட்டதில்ல. அம்மன் கேட்டுட்டாளா? அதுலயும் தீச்சட்டி! கேஸ் அடுப்பு பத்த வைக்கவே பத்தடி தள்ளி நிப்பீங்க!” சிரிப்பு அடங்கியதும் என் கையிலிருந்த பேனாவை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். “கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. பசங்ககிட்ட இத சொல்லாதீங்க. பிரபு கோவக்காரன், மேனேஜர் சட்டையப் புடிச்சிடுவான். உங்க வேலை போயிடும்.”

அதனால்தான் பிரபு, நீ ஓசூரிலிருந்தும் அக்கா கோயம்புத்தூரிலிருந்தும் போனில் கேட்டபோதெல்லாம், ‘அங்கேதான் நல்லாப் பாக்கறாங்க’ என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. நகரத்துக்குள் இருக்கும் அந்த அரசு மருத்துவமனையில் ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை. தூரம்தான் கொன்றது. தாம்பரத்தில் ரயிலேறி, அங்கே நான்கு மணி நேரம் படுத்து, திரும்பி வரும்போது பரங்கிமலை தாண்டியதும் அவர் கை சில்லிட்டுப் போகும். மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். ஒருமுறை கண்ணை மூடியபடியே, “இருக்கேங்க, விரல எடுங்க, கூச்சமா இருக்கு” என்றார்.

எனக்கு லீவு கிடைக்காத நாட்களில் ஸ்டெல்லா அக்கா கூடப் போனார். “இன்னா அண்ணா, மூஞ்சி இப்பிடி கீது? நான் இட்டுகினு போய் இட்டாறேன், நீ டூட்டிக்குப் போ” என்பார். ரயிலிலும் அவர்கள் இருவரும் பட்டியல்தான் எழுதினார்களாம். ஒன்பது மாதம் இப்படி ஓடியது. கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலை, நான் இட்லியைப் பிட்டு ஊட்டும்போது, “போதுங்க” என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

ஸ்டெல்லா அக்காவுக்கும், ஸ்டேஷன் போக ஒருமுறைகூட ஆட்டோ இல்லையென்று சொல்லாத காதர் பாய்க்கும், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த வெள்ளிக்கிழமை மன்றத்துப் பெண்களுக்கும், அந்த அரசு மருத்துவமனையின் நர்ஸ் அம்மாக்களுக்கும் நம் குடும்பம் என்றும் நன்றியுடையது. கவுன்டரில் தலைகுனிந்த அந்தப் பெண்ணுக்கும் என் வணக்கம். அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஒரு பயம் இருக்கிறது.

சென்ற மாதம் உங்கள் அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மனு விசாரணைக்கு வந்திருக்கிறதாம், முதல் மனுதாரர் நேரில் வர வேண்டுமாம். ஆபீசுக்குப் போய் அவர் இறந்துவிட்டார் என்றேன். “வாரிசு யாராவது வாங்க. வரலன்னா மனுவ முடிச்சிடுவோம்” என்றார் அங்கிருந்த கிளார்க். விசாரணை, திதி முடிந்து வரும் திங்கட்கிழமை காலை. எதிர்ப்பக்கம் எங்கள் மேனேஜர் சார் உட்கார்ந்திருப்பார்.

வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.  ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மேனேஜர் சார் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். சுகன்யா, பிரபு, அன்றைக்கு ஒருநாள் லீவு போட்டு என் இரண்டு பக்கமும் வந்து உட்காருங்கள். நீங்கள் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.